குடைக்குள் இருந்த கேஸ்

கேமரன் மலையிலேயே, ஏன், இந்த மலேசியாவிலேயே, கையில் குடையை வைத்துக்கொண்டு மழையில் நனைந்த ஒரே மனிதர் எங்கள் குடை லாயர்தான். மடக்கிய குடைக்குள்தான் கேஸ் காகிதங்களைச் செருகி வைத்திருப்பார். விரித்தால் கேஸ் கொட்டிவிடும். "ஒரு பை வாங்குங்களேன்" என்றால், "பைய பஸ்ல மறந்துருவேன் லா. இந்த ஊர்ல குடைய எவன் மறப்பான்?" என்பார்.

என் தங்கை மல்லிகா தேயிலைத் தோட்டத்து ஆபீஸில் கம்ப்யூட்டரில் கணக்கு எழுதும் கிராணி. ஆயுத பூஜைக்கு மறுநாள், தொழிலாளர்களின் ஆறு மாத வருகைப் பதிவு கம்ப்யூட்டரிலிருந்து அழிந்துபோனது. அழித்தவன் போட்டது அவளுடைய பாஸ்வேர்டு. போலீஸ் அவள்மேல் வழக்குப் போட்டது. தோற்றால் ஜெயில். வேலை போனால், தோட்டம் கொடுத்த, நாங்கள் பிறந்த லயத்து வீடும் போய்விடும். அம்மாவுக்குச் சோறு இறங்கவில்லை.

பக்கத்து டவுனான தானா ராத்தாவில் எங்களுக்குக் கிடைத்த வக்கீல் இவர்தான். எங்கள் அதிர்ஷ்டம், அவருக்குக் கம்ப்யூட்டர் என்றாலே பயம். மேஜையில் இருந்ததைத் துண்டால் மூடிவிட்டுத்தான் வாயைத் திறந்தார். "அதுக்குக் காது இருக்கு!" கதை முடிந்தது என்று நினைத்தேன்.

"பாஸ்வேர்ட எங்கம்மா வச்சிருந்த?"

"நோட்டுல எழுதி, டிராயர்ல பூட்டி வச்சிருந்தேன் சார்."

"எப்பவுமா?"

மல்லிகாவின் முகம் வெளுத்தது. "ஆயுத பூஜைக்கு மட்டும் தட்டுல வச்சேன் சார். அதும் தொழில் சாமான்தானே?"

கவ்வாத்துக் கத்தி, தராசு, கீபோர்டு, பக்கத்தில் திறந்த நோட்டு. அதற்கும் சந்தனப் பொட்டு. எஸ்டேட்டே வந்து கும்பிட்டுப் போயிருக்கிறது! லாயர் சிரித்தார், சிரித்துச் சிரித்து இருமினார். அந்த இருமல் எனக்குப் பிடிக்கவில்லை.

வழக்கு ஒன்றரை வருடம் இழுத்தது. ஒவ்வொரு தவணைக்கும் நனைந்தே வந்தார். கடைசி விசாரணை அன்று பேய்மழை. கோட்டிலிருந்து தண்ணீர் சொட்ட நின்றபடி, குடைக்குள்ளிருந்து பூஜைப் படத்தை உருவினார். எஸ்டேட் வாட்ஸ்அப் குரூப்பில் எல்லோருக்கும் போன படம் அது. காகிதத்தில் ஈரமே இல்லை. சாட்சிக் கூண்டில் மானேஜர்.

"துரை, இந்தப் படத்துல சூடம் காட்டுறது நீங்கதானே?"

"ஆமா."

"தட்டுல தொறந்து கெடக்குற நோட்டக் கொஞ்சம் படிங்க லா."

மானேஜர் முழுப் பாஸ்வேர்டையும் சத்தமாகப் படித்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டார். நீதிபதிகூடக் குனிந்து சிரித்தார்.

மல்லிகா விடுதலையானாள். வீடும் தப்பியது. தீர்ப்பைக் கேட்கத்தான் லாயர் இல்லை. அதற்கு முந்தின வாரம் நிமோனியாவில் போய்விட்டார். சொந்தம் என்று யாரும் வராததால், ஆஸ்பத்திரியில் குடையை எங்களிடம் கொடுத்தார்கள்.

போன ஆயுத பூஜைக்கு அதையும் தட்டில் வைத்தோம். பொட்டு வைக்க மல்லிகா அதை விரித்தாள். ஒரு ஓட்டை இல்லை, ஒரு கம்பி வளையவில்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது.

"நல்ல குடைண்ணே," என்றாள் மல்லிகா. "ஒரு தடவையாச்சும் விரிச்சிருக்கலாம் லா, அந்த மனுஷன்."