தாளுக்கு வெளியே போகாதே

மனித குலத்துக்குத் திருகோணமலை அளித்த கொடைகளில் துறைமுகத்துக்கு இரண்டாம் இடம்தான். முதலிடம், சட்டக் கல்லூரி நுழைவுப் பரீட்சைக்கெனச் சோமசேகரம் மாஸ்டர் கண்டுபிடித்த ‘வெற்றி உபாயங்கள்’. துறைமுகத்தை நம்பி வெள்ளைக்காரன் கப்பலோடு வந்தான். மாஸ்டரை நம்பித் தொண்ணூற்றிரண்டாம் ஆண்டு ஒன்பது பேர் கொப்பியோடு வந்தார்கள். ஓர்ஸ் ஹில்லில், ஒரு தையற்கடையின் மேல்மாடியில் நிலையம். மாஸ்டரின் தகைமை குறித்து யாரும் ஐயுற வேண்டாம். அதே பரீட்சையை ஆறு தரம் எழுதி, ஆறு தரமும் தோற்றவர். ஒரே தரத்தில் சித்தியடைந்தவனுக்கு இவ்வளவு அனுபவம் ஏது?

அந்த ஒன்பது பேரில் ராசமலருக்கு மட்டும் சட்டத்தில் ஆசை கிடையாது, தேவைதான் இருந்தது. அவளுடைய தம்பி தங்கத்துரை, பத்தொன்பது வயது, கொண்டுபோகத் தடை போட்டிருந்த எட்டு டோர்ச் பற்றரியோடு வெருகலுக்குப் போகும் வழியில் பிடிபட்டு, நாலு மாதமாகத் தெற்கில் ஒரு தடுப்பு முகாமில் இருந்தான். வழக்கு இல்லை. வழக்கு இல்லாததால் தீர்ப்பு இல்லை. தீர்ப்பு இல்லாததால் விடுதலையும் இல்லை. தாய் நல்லம்மா டவுனில் இருந்த சட்டத்தரணிமாரின் வாசல்களெல்லாம் ஏறி இறங்கிவிட்டாள்.

“ஒருத்தருக்குக் காய்ச்சலாம். ஒருத்தர் காணி வழக்கு மட்டும்தான் பேசுவாராம். மற்றவர் கதவே திறக்கல்ல,” என்றாள் மகளிடம். “வெளியில கிடைக்காட்டி வீட்டிலயே ஒண்டை ஆக்குவம். நீ படி புள்ள.”

கடையில் இடியப்பம் முடிந்துவிட்டால் வீட்டில் அவிப்பதில்லையா? அதே நியாயம்தான்.

கடிகாரத்தைப் பார்த்து எழுதுவது, கேள்வியை முதலிலும் பந்தியைப் பிறகும் வாசிப்பது, தெரியாத கேள்விக்கெல்லாம் கண்ணை மூடிக்கொண்டு ‘இ’ போடுவது, இவையெல்லாம் சில்லறை உபாயங்கள். தலையாய உபாயத்தை மாஸ்டர் கரும்பலகையில் சிவப்புச் சோக்கால் எழுதி, அதை அழிக்க எவருக்கும் ‘அதிகாரமில்லை’ என்றும் பிரகடனம் செய்திருந்தார். ‘தாளுக்கு வெளியே போகாதே.’

“தாளில உள்ளதை மட்டும் நம்பி விடை எழுத வேணும். உங்களுக்குத் தெரிஞ்சதை அதுக்குள்ள கொண்டு போகக்கூடாது,” என்றார் மாஸ்டர். “நான் ஏன் ஆறு தரம் தோத்தனான்? ஆறு தரமும் எனக்குத் தெரிஞ்சதை எழுதினனான்.”

முதற் பயிற்சி: ‘ஒரு படகு அதிகாலை நான்கு மணிக்குப் புறப்பட்டு மணிக்கு ஆறு மைல் வேகத்தில் செல்கிறது. ஏழு மணிக்கு அது எங்கே இருக்கும்?’ ஒன்பது பேரில் எட்டுப் பேர் எழுதிய விடை, ‘கரையில்.’

“கரையிலயோ?” என்றார் மாஸ்டர்.

“நாலு மணிக்குக் கடலுக்கு இறங்க நேவி விடாது சேர்,” என்றான் அன்ஸார். கிண்ணியாவிலிருந்து துறை கடந்து வகுப்புக்கு வருபவன். கடல் விசயத்தில் அவன் சொன்னால் மற்றவர்கள் மறுப்பதில்லை.

“நேவி தாளில இருக்கா?”

“இல்லை சேர். கடலில இருக்கு.”

ஒன்பதாவது ஆள் ராசமலர். படகுக்குப் பாஸ் இருக்கிறதா என்று அவள் தாளிலேயே திருப்பிக் கேட்டிருந்தாள். கேள்விக்குக் கேள்வி சட்டத்தரணிக்கு அழகு, பரீட்சார்த்திக்கு ஆகாது என்று மாஸ்டர் பூச்சியம் போட்டார்.

அடுத்தது இன்னும் எளியது. ‘கைது செய்யப்படும் எவரும் இருபத்துநான்கு மணித்தியாலத்துக்குள் நீதவான் முன் நிறுத்தப்படுவார். திரு. க. திங்கள் காலை எட்டு மணிக்குக் கைதானார். புதன் காலையில் திரு. க. பற்றி நிச்சயமாகக் கூறக்கூடியது யாது?’

“ஆர் பிடிச்சது சேர்? என்ன உடுப்பு?” என்றான் அன்ஸார்.

“உடுப்புப் பற்றித் தாளில ஒண்டும் இல்லைத் தம்பி.”

“சீருடை இல்லாட்டி இன்னும் மோசம் சேர்.”

ராசமலர், ‘திரு. க.வின் தாய் படத்தோடு முகாம் முகாமாகத் திரிகிறாள்’ என்று எழுதியிருந்தாள்.

“நீங்கள் புத்தியுள்ள பிள்ளை,” என்றார் மாஸ்டர் கவலையோடு. “உங்கட குறை ஒண்டுதான். உங்களுக்கு விசயம் தெரிஞ்சு போச்சு. அதை மறக்க வேணும்.” மறப்பதற்கு மருந்தும் தந்தார். தினமும் காலையில் கண்ணாடியின் முன் நின்று, ‘திரு. க. நீதவான் முன் நிறுத்தப்பட்டார்’ என்று ஐம்பது தரம் சொல்ல வேண்டும்.

அவள் அப்படியே சொன்னாள். மூன்றாம் நாள், குசினிக்குள் இருந்த நல்லம்மா அகப்பையோடு ஓடி வந்தாள்.

“நீதவானுக்கு முன்னால விட்டுட்டாங்களா? எப்ப புள்ள? அவனுக்கு உடுக்கப் புதுச் சாறம் ஒண்டு இருக்கு, எடுக்கட்டா?”

“அம்மா, அது தம்பி இல்லை. அது தாளில உள்ள ஆள்.”

“அந்தத் தாளைத் தா.”

தாயின் முகத்தில் இருந்த வெளிச்சத்தைப் பார்த்து ராசமலர் தாளை எடுத்துக் கொடுத்தாள். நல்லம்மா அந்தப் பயிற்சித் தாளைச் சாறத்துக்குள் மடித்து வைத்து, அந்த மாதம் முகாமுக்குக் கொண்டு போனாள். அங்கிருந்த அதிகாரி மொழிபெயர்ப்பாளனை வைத்து அதை இரண்டு தரம் வாசிக்கக் கேட்டார்.

“நல்ல சட்டமாம். எந்த நாட்டில எண்டு ஐயா கேக்கிறார்,” என்றான் மொழிபெயர்ப்பாளன்.

“கொழும்புச் சோதினைக்கு வாற தாள் ஐயா. அப்ப இந்த நாடாத்தான் இருக்கும்,” என்றாள் நல்லம்மா.

அதிகாரி நியாயமான மனிதர். சீல் அடித்து, கையெழுத்தும் வைத்துக் கொண்டு வந்தால் ‘ஆவன செய்வதாக’ வாக்களித்தார். திரும்பி வந்த கையோடு நல்லம்மா மேல்மாடிக்கு ஏறி மாஸ்டரிடம் சீல் கேட்டாள். மாஸ்டர் நிலையத்தின் றப்பர் முத்திரையை அலுமாரியிலிருந்து எடுத்தார், சிறிது நேரம் பார்த்தார், மறுபடி வைத்துப் பூட்டினார். அவர் வீட்டிலும் வளர்ந்த மகன் ஒருவன் இருந்தான்.

அன்றிலிருந்து ராசமலர் வெறிகொண்டு படித்தாள். மாஸ்டரே மலைக்கும்படி மறந்தாள். அவளுடைய தாள்களில் படகுகள் நாலு மணிக்கே புறப்பட்டன, பஸ்கள் கந்தளாயில் யாரையும் இறக்கிச் சோதிக்காமல் கொழும்பு போய்ச் சேர்ந்தன, கடிதங்கள் உடைக்கப்படாமல் வந்தன. இப்படி ஒரு நாட்டில் வாழ அவளுக்கே ஆசையாக இருந்தது.

கொழும்பில், பரீட்சை மண்டபத்தில், நாற்பத்தேழாம் கேள்வியாகத் திரு. க. வந்தார். பெயரை மட்டும் திரு. ப. என்று மாற்றியிருந்தார். ப. எங்கே இருக்கிறார் என்று ராசமலருக்குத் தெரியும். ஒரு பாயில் மூன்று பேர் படுக்கும் இடத்தில், உடம்பெல்லாம் சொறியோடு இருக்கிறார். ‘நீதவான் முன் நிறுத்தப்பட்டிருப்பார்’ என்ற விடைக்குக் கீழே கோடு போட்டாள்.

சித்தியடைந்தாள். ஒன்பது பேரில் அவள் ஒருத்திதான். அன்ஸார் அதே கேள்விக்கு நாலு விடைகளையும் வெட்டிவிட்டு, ஐந்தாவதாக ‘உடுப்பைப் பொறுத்தது’ என்று தானே ஒன்றை எழுதியிருந்தானாம். உண்மை பேசும் வியாதிக்கு எந்த உபாயம் பலிக்கும்?

மூன்று வருடம் சட்டக் கல்லூரி, ஆறு மாதம் பயிற்சி, பிறகு சத்தியப்பிரமாணம். கறுப்புக் கோட்டுப் போட்டுக்கொண்டு, முதல் வழக்காகத் தானே போட்ட ஆட்கொணர்வு மனுவுக்காக ராசமலர் நீதிமன்றத்துக்கு வந்தாள். கைதியைக் கொண்டு வந்து நிறுத்தினார்கள். தலையில் பாதி நரைத்திருந்த அவன் அவளை உற்று உற்றுப் பார்த்தான்.

“அக்கா, நீ எப்ப இதெல்லாம் படிச்சு முடிச்சனீ?” என்றான் தங்கத்துரை.

கல்விக்கு இந்த அரசாங்கம் ஒன்றும் செய்வதில்லை என்று குறைசொல்லுவோர் இனியாவது வாயை மூடட்டும். ஒரு ஏழைப் பெண் நுழைவுப் பரீட்சை எழுதி, சட்டம் படித்து, கோட்டுத் தைத்து முடிக்கும்வரை, அவளுடைய முதற் கட்சிக்காரனை ஒரு நாள்கூட வெளியே தவறவிடாமல், ஒரு குற்றமும் சாட்டி வழக்கைக் கெடுத்துவிடாமல், நாலு வருடமும் பத்து மாதமும் அது பத்திரமாக வைத்திருந்து கொடுத்தது.