கோபுரத்துச் சாவியைப் பற்றி மாப்பிள்ளைக்கு

பெருமதிப்புக்குரிய மாப்பிள்ளை அவர்களுக்கு,

உங்கள் மனைவியின் ஒரே அண்ணன் எழுதுவது. இங்கே நானும் என் வீட்டுக்காரியும் சௌக்கியம். கடல் சௌக்கியம். பறவைகள் சரணாலயத்தில் உங்கள் மேஜை, நாற்காலி, தொப்பி மூன்றும் சௌக்கியம். அங்கே உங்கள் புது முழங்காலும், அதற்கு ஒத்தடம் கொடுத்துக்கொண்டிருக்கும் என் தங்கையும் அவ்வாறே என்று நம்புகிறேன். இந்தக் கடிதத்தை உட்கார்ந்தபடியே படிக்கவும். ஆபரேஷன் ஆன காலோடு உங்களைத் துள்ள வைத்த பாவம் எனக்கு வேண்டாம்.

தலைமை அலுவலகத்து அதிகாரி உங்களுக்குப் போன் செய்திருப்பார். அவர் சொன்னதில் பாதி உண்மை. மீதிப் பாதியும் உண்மைதான், சொன்ன விதம்தான் சரியில்லை. என்னை எவ்வளவு வேண்டுமானாலும் திட்டுங்கள், ஆனால் கண்காணிப்புக் கோபுரத்துச் சாவியை மட்டும் திருப்பிக் கேட்டுவிடாதீர்கள். பஸ் டிப்போவில் முப்பத்தொரு வருஷம் டைம் கீப்பராக இருந்துவிட்டு வீட்டில் உட்கார்ந்தவனுக்கு, காலையில் எழுந்தால் வருவதற்கும் ஒன்றுமில்லை, போவதற்கும் ஒன்றுமில்லை. கை சும்மா இருக்காமல் வீட்டுக்காரி குளிக்கப் போன நேரத்தையும் வெளியே வந்த நேரத்தையும் காலண்டரில் குறித்து வைத்தேன், அதற்கு அவள் என்ன செய்தாள் என்பது உங்களுக்குத் தெரியும், காலண்டர் இப்போது வீட்டில் இல்லை. உங்கள் கோபுரத்தில் ஏறி உட்கார்ந்த அன்றைக்குத்தான் எனக்கு மறுபடியும் ஒழுங்காகப் பசி எடுத்தது. இதை யாரிடமும் சொல்லவில்லை, உங்களிடம் சொல்கிறேன்.

நடந்தது இதுதான். நீங்கள் ஆஸ்பத்திரிக்குப் போகும்போது சாவியையும் பைனாகுலரையும் என் கையில் கொடுத்து, "பெருசா வேலை ஒண்ணும் இல்ல மச்சான், தினமும் பறவை வர்றத எண்ணி எழுதி அனுப்பிடுங்க" என்றீர்கள். வருவதை எண்ணி எழுதுவது எப்படி என்று எனக்கு யாராவது சொல்லித்தர வேண்டுமா? அன்றைக்கே ஒரு நீள நோட்டு வாங்கிக் கோடு போட்டேன். வந்த நேரம், கிளம்பிய நேரம், ஏற்றி வந்த சரக்கு, தாமதமானால் காரணம். உள்ளான் பறவைகள் கூட்டமாக வந்து இறங்கியதை சிறப்பு வண்டி என்று எழுதினேன். ஒரு கூழைக்கடா மூன்று மணி நேரம் நகராமல் நின்றது, பழுது என்று எழுதினேன். நீர்நாய் ஒன்று தடம் மாறிப் படிக்கட்டு வரைக்கும் வந்தது, விசில் ஊதித் திருப்பி அனுப்பினேன். இந்த ஒழுங்கு உங்கள் சரணாலயத்தில் இதற்கு முன்னால் இருந்ததா, நெஞ்சைத் தொட்டுச் சொல்லுங்கள்.

போன வியாழக்கிழமை வெள்ளையாக, தலையில் கொண்டையோடு, நுனி கறுத்த அலகோடு ஒரு பறவை வந்தது. சுவரில் ஒட்டியிருக்கும் படத்தோடு ஒத்துப் பார்த்தேன், கொண்டை ஆலா, கீழே சிவப்பு எழுத்தில் 'மிக அரிது, கண்டால் உடனே தெரிவிக்கவும்'. கூடவே அதன் ஜோடி. அன்று முழுக்கக் குறித்துவிட்டு, சாயங்காலம் கூட்டிப் பார்த்து, வருகை நாற்பத்தாறு என்று அனுப்பினேன். அவ்வளவுதான் மாப்பிள்ளை நான் செய்த குற்றம்.

மறுநாள் காலை ஒன்பது மணிக்கு மூன்று வேன் வந்து நின்றது. அதிகாரி, பறவை ஆராய்ச்சி செய்யும் ஒரு டாக்டரம்மா, குழாய் குழாயாய்க் கேமரா தூக்கிக்கொண்டு முப்பது பேர். எட்டுப் பேர் ஏறும் கோபுரத்தில் இருபது பேர் ஏறினார்கள். அதிகாரி இன்னும் கிட்டே போய்ப் பார்க்கிறேன் என்று சேற்றில் இறங்கி, ஷூ உள்ளே போய், ஷூவைத் தேடிக் கை விட்டு, ஷூவுக்கு முன்பே அங்கே குடியிருந்த நண்டு கையைப் பிடித்து, ஒரே அமர்க்களம். வீட்டுக்காரி பிளாஸ்க்கோடு வந்து எல்லோருக்கும் டீ ஊற்றிவிட்டு, "இவர் எழுதினத நம்பியா இவ்வளவு தூரம் வந்தீங்க?" என்று கேட்டாள்.

ஒன்பதே முக்காலுக்கு ஆலா வந்தது. எல்லோரும் மூச்சுவிடாமல் பார்த்தார்கள். எதிரே இருக்கும் மணல் திட்டுக்குப் பின்னால் இறங்கியது, கிளம்பியது. பத்து நிமிஷத்தில் மறுபடியும் வந்தது. நான் நோட்டில் ரெண்டு என்று போட்டேன்.

டாக்டரம்மா எட்டிப் பார்த்துவிட்டு, "ஐயா, இது முன்னாடி வந்த அதே பறவைதானே?" என்றார்.

"அதேதாம்மா. ரெண்டாவது டிரிப்."

"அப்ப நேத்து மொத்தம் எத்தனை பறவை?"

"ரெண்டு."

"நாப்பத்தாறுன்னு எழுதியிருக்கீங்களே?"

"ரெண்டு வண்டி, ஆளுக்கு இருபத்துமூணு டிரிப். மழையில மூணு ரத்து, அதைச் சேர்க்கல" என்றேன்.

முப்பது கேமராவும் கீழே இறங்கின. அதிகாரி ஒற்றை ஷூவோடு படியேறி வந்து, "சாவியக் குடுங்க" என்றார். "மாப்பிள்ளை குடுத்தது, அவர் கேட்டாத்தான் குடுப்பேன்" என்று சட்டைப் பையைப் பொத்திக்கொண்டேன். டாக்டரம்மா என் நோட்டை மட்டும் எடுத்துக்கொண்டு போய்விட்டார். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

ஆகவே மாப்பிள்ளை, முடிவு உங்கள் கையில். இனிமேல் எழுதவே மாட்டேன், கூட்டவும் மாட்டேன், விசிலை வீட்டுக்காரியிடம் ஒப்படைத்துவிட்டேன். ஒரு ஓரமாக உட்கார்ந்து சும்மா பார்த்துக்கொண்டிருப்பேன். உங்களுக்குக் கீழே, நீங்கள் சொல்கிறபடி. தங்கையிடமும் ஒரு வார்த்தை கேளுங்கள்.

உங்கள் முழங்கால் நீண்ட காலம் மடங்கி நிமிர வாழ்த்தும்,
உங்கள் மச்சான்.

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்குள் டாக்டரம்மா போன் செய்தார். ஆலாக்கள் கிளம்பும்போது சரக்கு இல்லை, வரும்போதெல்லாம் மீன் என்று நான் குறித்திருந்ததைப் படித்துவிட்டு, படகில் போய்த் திட்டுக்குப் பின்னால் பார்த்தாராம். ஒரு குஞ்சு இருக்கிறது. விடிந்ததிலிருந்து இருட்டும்வரை அதற்கு எத்தனை தடவை தீனி வந்தது என்று இதுவரை எவரும் எழுதி வைத்ததில்லையாம். குஞ்சு பறக்கும்வரை கோபுரம் என் பொறுப்பு என்று உத்தரவு. என்னை மாற்றிவிடும் ரிலீவராக உங்கள் பெயரைக் கொடுத்திருக்கிறேன். ஒன்றாம் தேதி காலை ஆறு மணிக்கு வந்துவிடவும், தாமதமானால் காரணம் எழுத வேண்டியிருக்கும். மேலே சாவிக்காகக் கெஞ்சியதை அடித்துவிடுங்கள். அந்தச் சாவியை இத்துடன் வைத்திருக்கிறேன். பூட்டை மாற்றிவிட்டார்கள், புதுச் சாவி எனக்குத்தான்.