பயிற்சி கொடுத்து அரைப்பேர் வாங்கித் தந்த கதை

மூன்று நாள் பயிற்சி எடுத்தவனைப் போல ஆபத்தானவன் இந்த உலகத்தில் கிடையாது. சொந்த அனுபவத்தில் சொல்கிறேன்.

அப்போது எனக்கு இருபத்தாறு வயது. பதுளைப் பக்கத்தில் தேயிலைத் தோட்டங்களை நடத்தும் ஒரு கம்பெனியில் பயிற்சி அலுவலர் வேலை. ஆறு மாதம் தேறினால்தான் நிரந்தரம். கொழும்பில் மூன்று நாள் உட்கார்ந்து, தொழிலாளர்களின் உற்பத்தித்திறனை உயர்த்துவது எப்படி என்று கற்றுக்கொண்டு (மத்தியானச் சாப்பாடு பிரமாதம்), டை கட்டி, லேப்டாப்போடு மலையேறிவிட்டேன்.

ஸ்பிரிங்வெளி ரோட்டிலிருந்து மேலே ஏறும் ஒரு தோட்டம் அது. ஆட்களை எண்ணி வேலை பிரிக்கும் காலைப் பெரட்டில் கொழுந்தெடுக்கும் பெண்கள் முப்பது பேர் வேலைக்குப் போகாமல் நின்று கேட்க, ஒரு மணி நேரம் பேசினேன். அவரவர் நிரை, அவரவர் சாக்கு, அவரவர் இலக்கு. அடுத்தவர் சாக்கில் கொழுந்து போடவே கூடாது, அப்போதுதான் யார் திறமை என்னவென்று தெரியும் என்றேன். கங்காணி முனியம்மா ஏதோ சொல்ல வாயெடுத்தார். கேள்விகளுக்குக் கடைசியில் நேரம் உண்டு என்று அடக்கிவிட்டேன். (அந்த நேரத்தையும் நானே பேசி முடித்தேன்.)

அங்கே பதினெட்டுக் கிலோ எடுத்தால் முழுப்பேர், அதாவது முழுநாள் சம்பளம். குறைந்தால் அரைப்பேர். என் பயிற்சிக்குப் பிறகு யாரும் இருபத்தைந்துக்குக் கீழே வரமாட்டார்கள் என்று தோட்ட மேலாளரான துரையிடம் வாக்குக் கொடுத்திருந்தேன்.

சாயங்காலம் தராசடியில் பேனாவைத் திறந்துகொண்டு நின்றேன். முதல் சாக்கு பதினாறு. அடுத்தது பதினான்கு. தராசு கோளாறு என்று சொல்லி என் லேப்டாப் பையை அதில் தொங்கவிட்டுப் பார்த்தேன். தராசு சரியாகத்தான் இருந்தது. கடைசியாக மகேஸ்வரி வந்தாள். நாலு மாதக் கைக்குழந்தையைப் புள்ளைக் காம்பராவில், அதாவது தோட்டத்துக் குழந்தைக் காப்பகத்தில், விட்டுவிட்டு வேலைக்கு வருகிறவள். அவள் சாக்கு ஒன்பது கிலோ. மொத்தம் பதினொரு பேருக்கு அரைப்பேர்.

துரை என்னைப் பார்த்தார். நான் முனியம்மாவைப் பார்த்தேன்.

"அது புள்ளைக் காம்பராவுக்கு ரெண்டு தடவ பால் குடுக்கப் போகுதுங்க சார். வர்ற வரைக்கும் பக்கத்து நெரக்காரிங்க அது நெரயவும் சேத்து எடுத்து, அது சாக்குல போட்டு வைப்பாங்க. இன்னைக்கு நீங்க போடக் கூடாதுன்னு சொன்னீங்க. போடல."

வழக்கமாக இரண்டு பேரின் சாக்கை ஒருத்தியே தராசடிக்குச் சுமந்து வருவாளாம். அன்று ஆளாளுக்குத் தனித்தனியாக ஏறி இறங்கியதில் நேரம் போய்விட்டது. காலையில் நான் தின்ற ஒரு மணி நேரம் வேறு.

மகேஸ்வரி திட்டியிருந்தாலாவது பரவாயில்லை. சாக்கை மடித்துக்கொண்டு பிள்ளையைத் தூக்கப் போய்விட்டாள். வெட்கமாகப் போய்விட்டது. பயிற்சி நாள் என்று எழுதி எல்லாருக்கும் முழுப்பேர் போடச் சொல்லி, துரையின் காலில் விழாத குறையாகக் கெஞ்சினேன். போட்டார். எனக்கு இன்னும் ஆறு மாதத் தேர்வுக்காலம் என்று அதையும் சேர்த்தே எழுதினார்.

லுணுகலையில் இருந்த அம்மாவுக்குப் போன் போட்டேன். கொழுந்தெடுத்தே என்னைப் படிக்கவைத்தவள். நடந்ததையெல்லாம் கேட்டுவிட்டு ஒன்றே ஒன்று கேட்டாள்.

"நீ புள்ளைக் காம்பராவுல கெடந்தப்ப எஞ் சாக்க யாருடா ரொப்புனாங்கன்னு நெனச்ச?"

இருபத்தாறு வருடத்தில் அதை நான் ஒருமுறைகூட யோசித்ததில்லை.

இப்போது அதே கம்பெனியில் நான் பயிற்சிக்கே மேலாளர். வீட்டுக்கு வருகிறவர்கள் மகன் என்ன வேலை பார்க்கிறார் என்று கேட்டால், அம்மா தேத்தண்ணியை நீட்டியபடியே சொல்வாள்: "பொம்பளைங்களுக்கு அரைப்பேரு வாங்கிக் குடுக்குற உத்தியோகம்." மனைவியும் பிள்ளைகளும் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன், கொஞ்சம் தாமதமாக.