மழையில் யாரும் பால் வெட்டுவதில்லை

சேசு மரி சூசை துணை.

அன்புள்ள பேரன் பிரெண்டனுக்கு,

லிங்கித் தோட்டத்திலிருந்து உன் பாட்டி லூர்துமேரி எழுதிக்கொள்வது. முட்டி வலியைத் தவிர இங்கு யாவும் சுகம். உன் சுகத்துக்குத் தினமும் ஜெபம் பண்றேன். உன் படத்துக்குப் பண்ணல, அது ஜெபத்தால தேறுற கேஸ் இல்ல.

உங்க தாத்தாவும் நானும் கட்டிக்கிட்ட கதையைக் காதல் படமா எடுக்கிறேன்னு வந்து என் வாயைக் கிண்டிட்டுப் போனியே, நான் சொன்னதுல ஒண்ணாச்சும் அதுல இருக்கா? கொட்டுற மழையில நானா நடிக்கிற அந்தப் பொண்ணு ரப்பர் மரத்துல பால் வெட்டுறா, அவன் குடை பிடிச்சுக்கிட்டு "நீ வடிக்கும் பால் என் இதயத்தின் கண்ணீர்"ங்கிறான். பட்டை நனைஞ்சா பால் மரத்துல கட்டின மங்குக் கிண்ணத்துல விழாம மரமெல்லாம் வழிஞ்சு போகும்டா. மழைன்னா வேலை இல்ல, எல்லாரும் வீட்டுல உக்காந்து சண்டை போடுவோம். உங்க தாத்தா என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதே இல்ல, "இந்தா"தான். அவர் பண்ணது ஒண்ணே ஒண்ணு, நான் சாத்தி வெச்ச பால் வெட்டுற உளியை யாருக்கும் தெரியாம எடுத்துத் தீட்டி வெச்சிடுவாரு. எங்கண்ணன்தான் தீட்டுறான்னு நெனச்சிருந்தேன். ஒருநாள் உளி மொட்டையா இருந்துச்சு. அண்ணன் நல்லாத்தான் இருந்தான், அவருக்குத்தான் காய்ச்சல். அவ்வளவுதான் எங்க காதல். அதுக்கு எதுக்கு வசனம்? "உளி மட்டும் போதாது பாட்டி, டயலாக் வேணும்"னியே, இப்ப வாங்கிக் கட்டிக்க.

அதைக்கூட விடுறேன். கடைசியில அந்தப் பொண்ணு நாத்தனாரைக் கட்டிப்பிடிச்சு "மன்னிப்புதான் அன்பின் மறுபெயர்"னு அழுவுறாளே, அது யாரு? தாத்தாவை அடக்கம் பண்ண மறுநாளே, வீட்டைக் கூட்டுறேன்னு அந்த உளியைப் பழைய இரும்புக்காரன்கிட்ட போட்டவ அவரோட தங்கச்சி எல்சி. அன்னையிலிருந்து அவகிட்ட நான் பேசல. பூசையில சமாதானம் சொல்ற நேரத்துலகூட பக்கத்துத் தூணுக்குத்தான் கைகூப்புறேன். இப்போ பாரோய் டவுன்ல உன் படத்தைப் பாத்துட்டு போன் போடுறா, "அண்ணி, என்னை மன்னிச்சிட்டீங்க லா, பாத்து அழுதுட்டேன். ஞாயித்துக்கிழமை கேக் எடுத்துக்கிட்டு வரேன்." நான் மன்னிச்சது எனக்கே தெரியாது. உங்கம்மா ஜோசலின்கிட்ட இதைக் கொடுத்தனுப்புறேன். படிச்ச கையோட எல்சிக்குப் போன் பண்ணி, அது நீயா இட்டுக்கட்டினதுன்னு சொல்லு. அந்தக் காட்சியையும் வெட்டு. இல்லன்னா இந்த வீட்டுப் பக்கம் வராதே.

அந்தோணியார் தொலைஞ்சதையெல்லாம் தேடிக் கொடுக்கிறவர். உன் புத்தியையும் தேடிக் கொடுக்கட்டும்.

இப்படிக்கு ஆசீர்வாதத்துடன்,
பாட்டி

பின்குறிப்பு: உங்கம்மா வரல, கடுதாசி இங்கேயே கெடந்துச்சு, எல்சி வந்துட்டா. கேக்குல ஒரே முட்டை நாத்தம். வாசல்லயே நிக்க வெச்சுக் கேக்கலாம்னு நான் வாயைத் தொறக்குறதுக்குள்ள அவ முந்திக்கிட்டா, "ஏன் அண்ணி, மழையில எவ பால் வெட்டுவா?" பொழுது சாயுற வரைக்கும் ரெண்டு பேரும் உக்காந்து உன்னைத் திட்டினோம். உளியைப் பத்திக் கேக்க மறந்தே போச்சு. அவளை நான் இன்னும் மன்னிக்கல. திட்ட இன்னும் என்ன மிச்சமிருக்குன்னு பாக்கணும், சிரம்பான் தியேட்டர்ல அடுத்த ஞாயித்துக்கிழமைக்கு ரெண்டு டிக்கெட் எடுத்து வை. அந்தக் காட்சியை வெட்டிடாதே. சீட்டு பக்கத்துப் பக்கத்துல இருக்கட்டும்.