மக்பூலின் வலது தோள்

வலது தோள் ஆறும்வரைக்கும் அது மனைவி கமறியாவின் கண்ணில் படக்கூடாது, ஆறின பிறகும் படக்கூடாது என்று மக்பூல் முடிவெடுத்தார். சும்மா முடிவு இல்லை. ஆலங்குடாக் கரையில் நின்று, கடலைப் பார்த்து, பல்லைக் கடித்துக்கொண்டு எடுத்த முடிவு. மக்பூல் ஒரு முடிவெடுத்தால் பிறகு மாற்றமாட்டார் என்று ஊரில் எல்லாரும் சொல்வார்கள். கமறியா மட்டும் வேறு விதமாகச் சொல்லுவாள். அவளை யாரும் கேட்பதில்லை.

தோளில் இருந்தது ஒரு டொல்பின். உள்ளங்கையளவு. நல்ல நீலம். வாலைத் தூக்கிக்கொண்டு அவருடைய கழுத்தை நோக்கிப் பாய்கிற மாதிரி.

அது அங்கே ஏறின விதத்தைச் சொல்ல வேண்டும். மக்பூலும் நிலுக்சனும் பங்குக்கு ஒரு போட் வைத்து, வருகிற வெளிநாட்டுக்காரருக்குக் கடலில் டொல்பின் காட்டுகிறவர்கள். அன்றைக்குக் காலையில் போட்டைச் சுற்றி ஒரு பெரிய கூட்டமே துள்ளியது. போட்டில் இருந்த வெள்ளைக்காரன் சந்தோஷம் தாங்காமல் அழுதே விட்டான். கரைக்கு வந்ததும் மக்பூலின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு ஏதோ சொன்னான். இங்கிலீசு நிலுக்சனுக்குத்தான் வரும்.

"இவர் படம் கீறுற ஆளாம் நானா. உங்களுக்கு ஒண்டு சும்மா கீறித் தாறாராம். மேலுல."

மேலில், அதாவது உடம்பில், கீறுவதென்றால் கல்யாண வீட்டில் பெண்கள் கைக்கு வைக்கும் மருதோண்டி மாதிரி ஒன்று என்று மக்பூல் நினைத்தார். கொஞ்ச நாளில் அழிந்துவிடும். அப்படியிருந்தும் அவர் எதையும் யோசிக்காமல் செய்கிற மனிதர் இல்லை. பள்ளிவாசலில் தொழுகைக்குக் கை கால் கழுவி வுளூ எடுக்கும்போது சேட்டுக் கையை முழங்கை வரைக்கும்தான் சுருட்டுவார். அதற்கு மேலே ஒருத்தர் கண்ணும் போகாது. ஆகவே தோளைக் காட்டினார். வலது தோள்.

ஊசி இரையத் தொடங்கியபோதுதான் இது பச்சை குத்துகிற விசயம் என்று விளங்கியது. எழும்பி ஓடியிருக்கலாம். ஆனால் வெள்ளைக்காரன் தங்கியிருந்த கபானாக் குடிலின் வாசலில் மூன்று வெள்ளைக்காரிகள் நின்று வாயைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"நோவுதா நானா?"

"ஆருக்கு, எனக்கா?" என்றார் மக்பூல். அவர் பிடித்திருந்த கதிரைக் கை கழன்று வந்துவிட்டது.

எல்லாம் முடிந்த பிறகு நிலுக்சனைப் பக்கத்தில் கூப்பிட்டார். "இது எப்ப போகும் எண்டு கேளு."

நிலுக்சன் கேட்டான். வெள்ளைக்காரன் சிரித்தான். நிலுக்சனுக்குச் சிரிக்கத் தைரியம் வரவில்லை.

"நீங்க மண்ணுக்குள்ள போகக்கொள்ள அதுவும் போகுமாம் நானா."

இனி, மக்பூல் இதற்கு ஏன் இவ்வளவு பயந்தார் என்பதையும் தெரிந்துகொள்ள வேண்டும். போன நோன்புப் பெருநாளுக்கு மகன் அஸ்ஜத் கொழும்பிலிருந்து ஒரு காதில் சின்னக் கடுக்கனோடு வந்து இறங்கினான். மக்பூல் அவனை முற்றத்திலேயே நிற்பாட்டினார். "அல்லாஹ் தந்த மேலுல ஓட்ட போட நீ ஆரு? கீறு கீற நீ ஆரு?" என்று தொடங்கியவர், வட்டிலப்பம் ஆறிப்போகும்வரைக்கும் நிறுத்தவில்லை. கீறுவதைப் பற்றி அன்றைக்கு யாரும் பேசவே இல்லை. இவராகத்தான் சேர்த்துக்கொண்டார். பையன் கடுக்கனைக் கழற்றிப் பொக்கற்றுக்குள் போட்டான். அன்றிலிருந்து அந்த வீட்டில் மக்பூல் 'இல்ல' என்றால் இல்லைதான்.

அந்த 'இல்ல'வை அவர் அதிகம் பாவித்தது கமறியாவின் ஸ்கூட்டி விசயத்தில். கமறியா தையல் தைக்கிறவள். தைத்த உடுப்பைக் கொண்டுபோய்க் கொடுக்க ஒரு ஸ்கூட்டி வேண்டும் என்று பல வருசமாகக் கேட்கிறாள். "பொம்புளயள் ரோட்டுல படபடெண்டு போறது இந்தக் குடும்பத்துல இல்ல" என்பது மக்பூலின் பதில். தோளில் துள்ளுகிற டொல்பினை அவள் கண்டால் அந்த 'இல்ல'வின் கதி என்ன? அதுதான் பயம்.

வெள்ளைக்காரன் புண் ஆறுவதற்குச் சட்டம் சொல்லிவிட்டுப் போயிருந்தான். வாசமில்லாத சவர்க்காரத்தால் மெல்லக் கழுவ வேண்டும். துடைக்கக்கூடாது, ஒற்ற வேண்டும். மருந்தை மெல்லிசாகப் பூச வேண்டும். கடல் தண்ணி ஆகாது. வெயில் ஆகாது. கடித்தாலும் சொறியக்கூடாது. பொருக்கு தானாக விழவேண்டும். கடலிலும் வெயிலிலும் தொழில் செய்கிற ஒருவருக்கு இதை விட, சோறும் தண்ணியும் ஆகாது என்று சொல்லியிருக்கலாம்.

மக்பூல் பின்வாங்கவில்லை. போட்டை நிலுக்சனிடம் விட்டார். நீளக்கைச் சேட்டைப் போட்டுக் கழுத்துப் பொத்தானையும் பூட்டினார்.

"என்ன இது, மாப்புள மாதிரி?" என்றாள் கமறியா.

"குளிருது."

"ஆலங்குடாவுலயா?"

"உள்ளுக்குக் குளிருது."

"போட்டுக்குப் போகல்லயா?"

"கயிறு இழுத்து தோளுல ஒரு பிடிப்பு. வெயில்ல போகாம இரிக்கச் சொல்லி டொக்டர் சொன்னாரு."

"பிடிப்புக்கு வெயில் நல்லமே. கடல்ல இறங்கி நல்லா ஒரு முழுக்குப் போடுங்க, எல்லாம் பறந்திரும்."

"டொக்டர் கடலும் வேணாம் எண்டாரு."

"எந்த டொக்டர் அது, கடலோட கோவம்?"

மக்பூல் கழுத்துப் பொத்தானைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். கமறியாவும் விடவில்லை. "அப்ப சேட்டக் கழட்டுங்க, தேங்காண்ணெ சூடாக்கித் தேய்ச்சு விடுறன்" என்று கையில் போத்தலோடு வந்தாள். மக்பூல் குளியலறைக்குள் ஓடிக் கதவைப் பூட்டினார். பிடிப்புள்ள மனிதர் அவ்வளவு வேகமாக ஓடமாட்டார் என்பது உள்ளே போன பிறகுதான் நினைவுக்கு வந்தது.

அடுத்த இடி சவர்க்காரத்தில் வந்தது. கற்பிட்டிப் பாமசியில் வாசமில்லாத சவர்க்காரம் கேட்டார். குழந்தைகளுக்குப் பாவிக்கிறது மட்டும்தான் இருந்தது. அலுமாரியில் தான் உடுக்கும் சாரங்களுக்கு அடியில் ஒளித்து வைத்தார். சாரங்களை மடித்து வைப்பவள் கமறியா.

"இஞ்சாருங்க. நம்மட வீட்டுல கைப்புள்ள ஆரு?"

மக்பூல் அவள் கையில் இருந்த சவர்க்காரப் பெட்டியைப் பார்த்தார். பெட்டியில் இருந்த குழந்தை அவரைப் பார்த்துச் சிரித்தது.

"எனக்குத்தான்," என்றார். "வயசு போகப் போகத் தோல் மெல்லிசாகுது."

"ஓமோம். தொட்டிலும் ஒண்டு கட்டிருவம்."

பிறகு கடி தொடங்கியது. பொருக்குக் காய்ந்தால் ஒரு கடி கடிக்கும் பாருங்கள், நண்டு கொடுக்கால் கவ்வுகிற மாதிரி. சொறியக்கூடாது. மேலால் தட்டலாம் என்று நிலுக்சன் போனில் படித்துச் சொன்னான். ஆகவே மக்பூல் தட்டினார். சாப்பிடும்போது தட்டினார். பேப்பர் பார்க்கும்போது தட்டினார். வேலிக்கு அந்தப் பக்கம் இருக்கிற றஊப் சும்மா இருக்கிற ஆளா? எட்டிப் பார்த்துக் கமறியாவிடம் கேட்டுவிட்டார்.

"என்ன தங்கச்சி, மக்பூல் நானா தன்ட தோளத் தானே தட்டிக் குடுத்துக்கொண்டு இரிக்காரு? என்ன சாதிச்சாராம்?"

"வீட்டுல வேற ஆரும் தட்டிக் குடுக்கிறாங்க இல்லயே நானா. அதான்," என்றாள் கமறியா.

மக்பூல் எல்லாவற்றையும் தாங்கினார். மருந்தை மெல்லிசாகப் பூசினார். சொறியவில்லை. கிணற்றுத் தண்ணியைச் சிரட்டையால் மொண்டு தோளுக்கு மட்டும் தனியாக ஊற்றினார். பொருக்கு விழ விழ, புதுத்தோலில் டொல்பின் இன்னும் பளபளப்பாக வந்தது. அவருக்கே ஒரு நேரம் பெருமையாகவும் இருந்தது. உடனே அல்லாஹ்விடம் மன்னிப்புக் கேட்டுத் தௌபாச் சொல்லிக்கொண்டார்.

ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகை முடிந்து, பகல் சாப்பாடும் முடிந்து அவர் சாய்ந்திருந்த நேரம், கமறியா இரண்டு வெள்ளைத் துணிகளோடு வந்து முன்னால் நின்றாள்.

"இஹ்ராம் துணி," என்றாள். "நானா தந்துட்டுப் போனாங்க."

நானா என்றால் அவளுடைய மூத்த அண்ணன் தாஹிர். வருசா வருசம் ஊராரை இந்த உடுப்பில் மக்காவுக்கு உம்றா செய்யக் கூட்டிக்கொண்டு போகிறவர்.

"சீசன் முடிஞ்ச கையோட ஒரு பயணம் போறாங்களாம். ரெண்டு எடம் இரிக்காம். நம்மட பேரக் குடுக்கட்டா எண்டு கேட்டாங்க. மகன்ட வாப்பாட்ட கேக்காம நான் ஒண்டும் சொல்ல மாட்டன் எண்டுட்டன்."

மக்பூலுக்கு மனம் குளிர்ந்தது. உம்றா இருவரும் சேர்ந்து பல காலமாக மனதில் நிய்யத்து வைத்த காரியம். அதிலும் தன்னைக் கேட்காமல் சொல்லமாட்டேன் என்றாளே.

"மாஷா அல்லாஹ். குடு, குடு."

"அப்ப இத ஒருக்கா உடுத்திப் பாருங்க. நீட்டம் காணுமா எண்டு."

"காணும்."

"உடுத்தாமலா?"

"கண்ணால பாத்தாத் தெரியாதா? எத்தன வல பாத்தவன் நான்."

"ஒண்ட இடுப்புல கட்டணும். மத்தத மேலால போத்தணும். கஃபாவச் சுத்தக்கொள்ள மட்டும் இப்புடி வலது கக்கத்துக்குக் கீழால எடுத்து இடது தோளுல போடணும்." தன் மேலிலேயே துணியைப் போட்டுக் காட்டினாள். "வலது தோள் வெளிய இரிக்கணும்."

ஆலங்குடாவில் காற்று நிற்பதில்லை. அந்த நேரம் மக்பூலுக்கு நின்றுவிட்டது. வுளூவை யோசித்த மனிதர் இஹ்ராமை யோசிக்கவில்லை.

"இடது தோள்," என்றார்.

"வலது."

"இடது எண்டுதான் நான் கேள்விப்பட்ட."

"நானாட்டயே கேப்பம்." போனை எடுத்துச் சத்தமாக வைத்தாள்.

"வலது தோள்தான் மச்சான்," என்றது தாஹிரின் குரல்.

"உள்ள ஒரு பெனியன் போட்டா?"

"தச்ச உடுப்பு ஆம்புளயளுக்கு ஏலாது மச்சான்."

"சும்மா ஒரு லேஞ்சித் துண்டு? தோளுக்கு மேலால?"

"லேஞ்சி என்னத்துக்கு?"

"வெயிலுக்கு."

தாஹிர் பேர்ப் பட்டியலைப் புரட்டுகிற சத்தம் கேட்டது. பிறகு, "றஊப் வாறாரு, நம்மட இமாம் வாறாரு, ஊருல பாதி வருது. எல்லாருக்கும் ஒரே வெயில்தான் மச்சான்," என்று வைத்துவிட்டார்.

ஊரில் பாதி. ஊரில் பாதி அவருக்குப் பின்னால் கஃபாவைச் சுற்றும். முன்னால் டொல்பின் துள்ளும்.

மக்பூல் எழும்பி உட்கார்ந்தார். இத்தனை கடியைத் தாங்கினது இதற்காகவா? விடக்கூடாது.

"கமறியா, நீ போ. நானாவோட போ. கூடப் பொறந்த நானாதானே, குத்தமில்ல. நான் புறகு போறன்."

"நீங்க இல்லாமயா? ஊரு கேக்குமே, மக்பூல் ஏன் வரல்ல எண்டு. நான் என்னத்தச் சொல்ற?"

"காசு காணாது எண்டு சொல்லு."

"போட்டுக்குப் புது என்ஜின் வாங்கக் காசு வெச்சிரிக்கிறது றஊப் நானாக்கும் தெரியும். நீங்கதானே வேலியில நிண்டு சொன்ன."

மக்பூல் யோசித்தார். அந்த வாய் அப்போது ஏன் திறந்தது?

"அப்ப என்ஜின் வாங்கல்ல."

"வாங்கல்ல எண்டா காசு இரிக்கும். காசு இரிந்தா, ஏன் உம்றாவுக்கு வரல்ல?"

"வேற சாமான் வாங்கியாச்சு எண்டு சொல்லு."

"என்ன சாமான்? அலுமாரி எண்டு சொல்லட்டா?"

"அலுமாரிய ஆரு காணப் போற? ஊரு கண்ணால காணணும். கண்டாத்தான் வாய மூடும். வீட்டுக்குள்ள கிடக்கிற சாமான் சரி வராது." மக்பூல் நெற்றியைத் தடவினார். அவருடைய மூளை அவரையும் மீறி வேலை செய்தது. "ரோட்டுல போற சாமானா இரிக்கணும்."

கமறியா இஹ்ராம் துணியை மெல்ல மடித்தாள். மடித்த துணியை மறுபடி விரித்தாள்.

"சரி, அதப் புறகு பாப்பம். முதல்ல இதப் போட்டுக் காட்டுங்க," என்று அவருடைய கழுத்துப் பொத்தானில் கையை வைத்தாள்.

"ஸ்கூட்டி," என்றார் மக்பூல்.

"என்னது?"

"ஒனக்கு ஒரு ஸ்கூட்டி. தைச்ச உடுப்பக் கொண்டுபோக ஒனக்கும் வேணும்தானே. நான் எப்பயாவது வேணாம் எண்டு சொன்னனா?"

"சொன்னீங்களே."

"அது அந்தக் காலம்."

கமறியாவின் கை பொத்தானிலிருந்து இறங்கியது. "நீங்க சொன்னா சரி," என்றாள் பணிவாக. "உங்கட பேச்ச நான் எப்பயாவது தட்டியிரிக்கனா?"

மக்பூல் சாய்ந்துகொண்டார். என்ஜின் போய்விட்டது. ஸ்கூட்டி வரப்போகிறது. உம்றாவுக்கு அவள் தனியாக நானாவோடு போகப்போகிறாள். போகட்டும். தோள் தப்பியது. வீட்டில் தன் சொல்லும் தப்பியது. எடுத்த முடிவை மாற்றாத மனிதர் என்று ஊர் சும்மாவா சொல்கிறது?

கமறியா அடுத்த நிமிசமே முந்தல் ஊரில் இருக்கிற ஸ்கூட்டிக் கடைக்குப் பேசினாள். இலக்கம் அவளுடைய போனில் ஏற்கெனவே இருந்தது. அதற்கு என்ன அர்த்தம் என்று மக்பூல் யோசிக்கத் தொடங்கும் முன்னே அவள் போனைக் கையால் பொத்திக்கொண்டு அவர் பக்கம் திரும்பினாள்.

"கலர் என்ன எண்டு கேக்குறாங்க."

"ஒனக்கு விருப்பமானத எடு புள்ள," என்றார் மக்பூல் பெருந்தன்மையாக.

"நீலத்துல ரெண்டு மூணு சாதி இரிக்காம். தோள் புண்ணா இரிக்கக்கொள்ள நீங்க படுத்து எழும்பின பெட்சீட்டுல ஒவ்வொரு விடியலும் ஒரு டொல்பின் ஒட்டிக்கொண்டு கிடந்திச்சு, கழுவிக் கழுவி என்ட கையும் ஓஞ்சு போச்சு. அந்த நீலத்தையே சொல்லட்டா?"