தாய்மாமனைப் பூஜ்யமாக்கிய கதை

கணக்கில் ஆராய்ச்சி செய்கிறவனிடம் "கொஞ்சம் புரியுற மாதிரி சொல்லுங்களேன்" என்று மட்டும் கேட்டுவிடக் கூடாது. சொல்ல ஆரம்பித்துவிடுவான். நான் என் நிச்சயதார்த்தத்திலேயே சொல்ல ஆரம்பித்தவன்.

பெண் வீடு கந்தர்வக்கோட்டைக்குப் பக்கம். பெண் தேன்மொழி, எம்.எஸ்ஸி. கணக்கு படித்துவிட்டுப் பள்ளிக்கூடத்தில் பாடம் எடுத்துக்கொண்டிருந்தாள். இந்த மாவட்டத்தில் என் ஆராய்ச்சியைக் கேட்டுக் கொட்டாவி விடாத ஒரே ஜீவன் அவள்தான். (ஆலங்குடியில் எங்கள் வீட்டு நாய்கூட எழுந்து போய்விடும்.) அவளை விட்டால் எனக்கு வேறு நாதியில்லை என்று மனசார நம்பினேன்.

ராகுகாலம் கழிந்துதான் தட்டு மாற்ற வேண்டும் என்று சொல்லிவிட்டதால், முதலில் பந்தி போட்டார்கள். மூன்று வரிசை. முன்வரிசையில் பெரியவர்கள், நடுவில் அவர்களின் பிள்ளைகள், கடைசியில் வாண்டுகள். முன்வரிசையின் நட்டநடுவில் பெண்ணின் தாய்மாமன் கருப்பையா, மீசையும் தானுமாக உட்கார்ந்திருந்தார். அவர் தலையசைக்காமல் அந்த வீட்டில் அடுப்புகூடப் பற்றாது. நான் மரியாதைக்குப் பந்தி ஓரமாக நின்றுகொண்டிருந்தேன்.

"மாப்ளை என்ன ஆராய்ச்சி பண்றாக?" என்றார், சாம்பாரைப் பிசைந்தபடி.

"கிரேடட் கோஷண்ட் ரிங்குங்க."

"புரியுற மாதிரி சொல்லுங்க."

சொன்னேன். "கிரேடட் ரிங்னா வரிசை பிரிச்சு ஒக்காந்திருக்கிற கூட்டம்ங்க, இந்தப் பந்தி மாதிரி. அதுக்குள்ள ஐடியல்னு ஒரு குழு. அவுக கூட யாரைப் பெருக்கினாலும் விடை அந்தக் குழுவுக்குள்ளதான் போய் விழும். அந்தக் குழுவைப் பூஜ்யம்னு வச்சுட்டா மிஞ்சுறதுதான் கோஷண்ட். மிஞ்சினதுலயும் வரிசை கலையாம இருக்குதாங்கிறதுதான் என் ஆராய்ச்சி."

"வெளங்கலையே!"

அங்கே நிறுத்தியிருக்கலாம். வாத்தியார் புத்தி விடவில்லை. "இப்ப நீங்கதான் ஐடியல்னு வச்சுக்குவோம். கொஞ்சம் எந்திரிச்சுக் காட்டுங்களேன்."

இலையில் உட்கார்ந்த மனிதனை, அதுவும் தாய்மாமனை, பாதிச் சோற்றில் எழுந்திருக்கச் சொல்லியிருக்கிறேன் என்பது எனக்கு உறைக்கவே இல்லை. என் கவலையெல்லாம் வரிசை கலையுமா கலையாதா என்பதில்தான்.

கருப்பையா எழுந்தார். இலையை மடித்தார். அவர் எழுந்ததைப் பார்த்து அவருடைய பங்காளிகள் எழுந்தார்கள். பங்காளிகள் எழுந்ததும் அவர்களுடைய மைத்துனர்கள். அப்பன்கள் எழுந்ததும் நடுவரிசையில் பிள்ளைகள், அப்புறம் அப்பளத்தைக் கையில் பிடித்தபடி வாண்டுகள். கடைசியாக எழுந்தவர் என் அப்பா.

"நீங்க ஏம்ப்பா?" என்றேன்.

"தாய்மாமன் எந்திரிச்ச பந்தியில நான் மட்டும் ஒக்காந்து திங்கவாடா?"

பாயச வாளியோடு வந்தவர் யாருக்கு ஊற்றுவதென்று தெரியாமல் நின்றார். முந்திரி மட்டும் மிதந்துகொண்டிருந்தது.

கருப்பையா கை கழுவிவிட்டுப் பெண்ணின் அப்பாவைப் பார்த்தார். "மச்சான், என்னைய எந்திரிக்கச் சொன்ன ஆளுக்குப் பிள்ளையக் குடுக்கிறதா இருந்தா நீங்களே குடுத்துக்கங்க. நான் வாரேன்."

போச்சு, எல்லாம் போச்சு என்று நின்றேன்.

அப்போது அறை வாசலில் பட்டுப்புடவையோடு தேன்மொழி வந்து நின்றாள். என்னைத்தான் கேட்டாள்.

"ஐடியலைப் பூஜ்யமாக்கறதுக்கு முன்னாடி, ஒன்னாம் நம்பர் அதுக்குள்ள இருக்கான்னு பாத்தீங்களா?"

முதல் வருடப் பாடம் அது. எதை ஒன்றால் பெருக்கினாலும் பெருக்கியதேதான் திரும்ப வரும். அந்த ஒன்றே ஐடியலுக்குள் போய்விட்டால் ஒருவர் விடாமல் எல்லாரும் பின்னாலேயே போய்விடுவார்கள். மிஞ்சுவது வெறும் பூஜ்யம். என் முன்னால் வெறும் இலைகளாகக் கிடந்தது அதுதான்.

"என்ன தாயி சொல்ற?" என்றார் கருப்பையா.

"இந்த வீட்டுல அந்த ஒன்னாம் நம்பரு நீங்கதான் மாமா. நீங்க எந்திரிச்சா மொத்தக் கூட்டமும் பூஜ்யம்னு கணக்கே சொல்லுது. இவுக பாக்காம விட்டுட்டாக."

"கணக்கே சொல்லுதா?"

"ஆமா மாமா."

மீசை லேசாக அசைந்தது. "அப்ப மாப்ளையே எலை போடட்டும். அவுகளே பரிமாறட்டும்."

போட்டேன். பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மூன்று வரிசைக்கும் சோறு, சாம்பார், ரசம் எல்லாம் நானே பரிமாறினேன். வாண்டுகள் வேண்டுமென்றே மூன்றாம் முறை பாயசம் கேட்டன. தட்டு மாற்றியபோது என் சட்டையில் ரசக்கறை. தேன்மொழி அதைப் பார்த்துச் சிரித்த சிரிப்புக்கு இன்னொரு பந்தி பரிமாறியிருப்பேன்.

இப்போது எனக்கு முனைவர் பட்டம் இருக்கிறது, பிள்ளைகள் இருக்கிறார்கள். ஆனால் எங்கள் சொந்தத்தில் எந்த விசேஷமானாலும் நான் பந்திப் பக்கம் நடந்தால் போதும், கருப்பையா பேச்சை நிறுத்திவிட்டு இடது கையால் இலையை அழுத்திப் பிடித்துக்கொள்வார். அவரைப் பார்த்துப் பங்காளிகள் பிடிப்பார்கள், மைத்துனர்கள் பிடிப்பார்கள், பின்வரிசைப் பிள்ளைகள் பிடிப்பார்கள். எல்லாரும் பிடித்துவிட்டார்களா என்று பார்த்துவிட்டு, கடைசியாக என் அப்பாவும் பிடித்துக்கொள்வார்.