வேட்டி போய்ச் சேர்ந்த மனை

வழி தவறிவிட்டது என்று எந்த டிரைவரும் வாயால் சொல்ல மாட்டான். ரோட்டை மாற்றிவிட்டார்கள் என்பான். முதுகுளத்தூர் டிப்போவில் பஸ் ஓட்டியே தலை நரைத்தவன் நான். எனக்கு அந்த வியாதி கொஞ்சம் முற்றிய நிலை. அதனால்தான் ஒரு வைகாசி மாதம், சொந்தபந்தம் அத்தனை பேர் முன்னாலும், காக்கி டவுசரோடு கடற்கரையில் நிற்க வேண்டியதாயிற்று.

எல்லாவற்றுக்கும் மூலம் என் மனைவி செல்வி. கல்யாணமான புதிதில் ராமேஸ்வரம் போயிருந்தோம். எங்கள் பக்கம் வானம் பார்த்த பூமி. குடிதண்ணீருக்கு ஊருணி வரைக்கும் நடந்து நடந்தே வளர்ந்தவள் அவள். அன்றைக்குத்தான் முதன்முதலாகக் கடலைப் பார்த்தாள். கணுக்கால் நனைய நின்றுகொண்டு, “இம்புட்டுத் தண்ணியும் ஒருத்தர் வாய்க்கும் ஒதவாதா?” என்று கோபப்பட்டாள். ஊருக்குக் கிளம்பும்போது சொன்னாள்:

“வயசான காலத்துல இங்கிட்டு எங்கனயாச்சும் வந்து உக்காந்துரணுங்க. தண்ணிக்கு நடக்காம, தண்ணியப் பாத்துக்கிட்டு.”

புது மாப்பிள்ளை இல்லையா? “வாங்கிட்டாப் போச்சு” என்றேன். (மனையையா, கடலையா என்று அவளும் கேட்கவில்லை.)

சொல்வது லேசு. உச்சிப்புளிக்குத் தெற்கே கடலோரமாக மனை பிரித்து மாதத் தவணைக்குக் கொடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டுச் சேர்ந்தேன். எங்கள் மகள் பள்ளிக்கூடம் சேர்ந்தபோது ஆரம்பித்த தவணை, அவள் வேலைக்குப் போன பிறகுதான் முடிந்தது. நடுவில் செல்வி வளர்த்த ஆடுகள் எத்தனையோ அந்த மனைக்குள் போய்விட்டன. வாடகை வீட்டில் மழைக்கு ஓடு ஒழுகினால், “கடல் வீட்டுல ஒழுகாதுல்ல” என்று சொல்லி, பாத்திரத்தைக் கீழே வைத்துவிட்டுப் படுத்துக்கொள்வாள். இத்தனை வருஷத்தில் அந்த மனையைக் கண்ணால் பார்க்க வேண்டும் என்றுகூட அவள் கேட்டதில்லை. நான் சொன்னேன், அவள் நம்பினாள்.

பத்திரம் முடிந்ததும் தை மாதத்தில் நான் மட்டும் போய் மனையைப் பார்த்தேன். கடல் குளம்போலக் கிடந்தது. நான்கு மூலையிலும் மஞ்சள் பெயின்ட் அடித்த கல். சுற்றுமுற்றும் என்ன இருக்கிறது என்று பார்த்து வைத்திருக்கலாம். ஆனால் நான் பராக்குப் பார்த்ததெல்லாம் கடலைத்தான். செல்விக்கு பூமி பூஜை அன்றைக்குத்தான் காட்டுவேன் என்று ஒரே பிடிவாதம். (சினிமாவில் கண்ணைக் கட்டிக் கூட்டிப்போய்க் காட்டுவார்களே, அந்த நினைப்பு.)

பஞ்சாங்கத்தைப் பார்த்து வைகாசியில் வாஸ்து நாள் குறித்தேன். ராகு காலம் பார்த்தேன், எமகண்டம் பார்த்தேன். காற்றைப் பார்க்கவில்லை. எங்கள் ஊரில் காற்று என்பது எப்போது வந்தாலும் சட்டையைக் கழற்றிப்போட்டு வரவேற்கிற சங்கதி. அதற்கும் ஒரு பருவம் உண்டு, வைகாசியில் தென்மேற்கிலிருந்து கச்சான் என்று ஒன்று கிளம்பும் என்பதெல்லாம் எனக்கு எங்கே தெரியும்?

சொந்தபந்தம், கொத்தனார் எல்லோருமாக வேனில் போய் இறங்கினோம். இறங்கியதும் மாமனாரின் துண்டு பறந்தது. அவர் அதைத் துரத்திப் பிடித்து வருவதற்குள் நான் ஒரு விஷயத்தைக் கவனித்துவிட்டேன். மஞ்சள் கல் ஒன்றைக்கூடக் காணோம். கல்லை விடுங்கள், மனைகளுக்கு நடுவே போட்டிருந்த பாதையையே காணோம். தையில் பார்த்த இடமெல்லாம் மேடும் பள்ளமுமாக ஒரே மணல். மணல் நகரும் என்று மண்ணில் வளர்ந்தவனுக்கு யார் சொல்லியிருக்கிறார்கள்?

“மாப்ள, மனை எங்கன இருக்கு?” என்றார் மாமனார்.

கொத்தனார் மண்வெட்டியோடு நின்றார். செல்வி பட்டுச்சேலையில், தலைப்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, என் முகத்தையே பார்த்தாள். பின்னால் யாரோ, “மணலக் காட்டி ஏமாத்திப்புட்டாய்ங்க போல” என்று முணுமுணுத்தார்கள். ஏமாந்துவிட்டேனா? இவளுக்கு இனி என்ன பதில் சொல்வேன்?

டிரைவர் புத்தி அங்கேதான் வேலையைக் காட்டியது. கடலைப் பார்த்து விறுவிறுவென்று நடந்தேன். அளப்பதுபோலக் குறுக்கும் நெடுக்கும் நாலு நடை போட்டேன். அலைக்குக் கொஞ்சம் மேலே ஒரு இடத்தில் குதிகாலால் ஓங்கி மிதித்து, “இதுதான்!” என்றேன்.

ஈசானிய மூலையில் (எது ஈசானியம் என்பதும் என் உத்தேசம்தான்) கொத்தனார் குழி தோண்டினார். கற்பூரம் ஏற்றினால் அணைந்தது. மறுபடி ஏற்றினால் கற்பூரமே பறந்தது. வாழை இலைகள் ஒவ்வொன்றாகக் கிளம்பிப் போயின. கொண்டுவந்த சாம்பாரில் பருப்பைவிட மணல் அதிகம். கடைசியில் நிழலுக்குக் கட்டியிருந்த ஷாமியானா ஒரு பக்கம் பிடுங்கிக்கொண்டது. நான் பாய்ந்து கயிற்றைப் பிடித்தேன். பஸ்ஸையே அடக்கியவனுக்கு ஒரு துணியா பெரிது? அது என்னைக் குப்புறத் தள்ளி, தரதரவென்று இழுத்துக்கொண்டு போனது. எழுந்து பார்த்தால் இடுப்பில் பட்டு வேட்டி இல்லை. அது ஊர்ப்பக்கமாக உயரப் பறந்துபோய்க்கொண்டிருந்தது. இருநூறு அடி தள்ளி நின்ற ஒற்றைப் பனையின் உச்சியில் போய் மாட்டிக்கொண்டு படபடவென்று அடித்தது.

டவுசரோடு நின்றேன். அப்போது கரையில் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்த ஒரு அம்மாள் எழுந்து வந்தார். சவேரியம்மா என்று பெயர்.

“ஏய்யா, கச்சான்ல யாராச்சும் கடக்கரையில பந்தல் போடுவாகளா? சாமி காரியமாச்சேன்னு பேசாம இருந்தேன். இது நாங்க கரையில நின்னு கரவல இழுக்குற எடமுல்ல! மஞ்சக்கல்லு மனையெல்லாம் அந்தா, அந்தப் பனையடியில கெடக்கு.”

அவர் கை நீட்டிய இடத்தில் என் வேட்டி ஆடிக்கொண்டிருந்தது. சொந்தக்காரனுக்கு முன்னாலேயே அது மனைக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது.

செல்வி பக்கத்தில் வந்தாள். “இது இல்லைன்னு எனக்கு அப்பவே தெரியும்” என்றாள்.

“எப்படி?”

“பின்னாடி பாக்காம பஸ்ஸ ரிவர்ஸ் எடுத்துப்புட்டு வந்து, ஒண்ணும் ஆகலன்னு சொல்வீகள்ல? அந்த மூஞ்சி.”

“ஏமாந்துட்டேனோன்னு பயந்துட்டேன் செல்வி. ஒனக்குச் சொன்னது பொய்யாப் போயிருமோன்னு.”

அவள் என்னை மேலிருந்து கீழாகப் பார்த்தாள். டவுசரில் வந்து பார்வை நின்றது. சிரிக்க ஆரம்பித்தாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு மணலிலேயே உட்கார்ந்து, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். ராமேஸ்வரத்தில் பார்த்த அந்தப் பெண்ணை அத்தனை வருஷம் கழித்து அன்றைக்குத்தான் திரும்பப் பார்த்தேன். மானம் போனது போகட்டும் என்று இருந்தது.

சவேரியம்மா வீட்டுக்காரரின் கட்டம் போட்ட கைலியைக் கொண்டுவந்து கொடுத்தார். எல்லோருமாகப் பனையடிக்குப் போனோம். கொத்தனார் இரண்டு முழம் தோண்டியதும் மண்வெட்டி ‘ணங்’ என்றது. மணலைத் தள்ளினால் மஞ்சள் பெயின்ட். நான் அழுதேன், அதை மறைக்கவும் இல்லை. இந்தத் தடவை கற்பூரம் ஏற்றும்போது, வலை இழுக்கிறவர்களும் எங்கள் சொந்தக்காரர்களும் தோளோடு தோள் சேர்த்து வட்டமாக நின்று காற்றை மறித்தார்கள். கற்பூரம் கடைசிவரை எரிந்தது. கைலியோடு பூமி பூஜை போட்ட ஆள் இந்த ஜில்லாவிலேயே நான் ஒருவனாகத்தான் இருப்பேன். அதை என் மகள் போட்டோ எடுத்து, சட்டம் போட்டு வைத்திருக்கிறாள். மதியம் சவேரியம்மா வீட்டு மீன்குழம்பு. பூஜை நாளாயிற்றே என்று தயங்கிய மாமனார்தான் மூன்றாவது தடவையும் சோறு வாங்கினார்.

ஓய்வு பெற்ற பணத்தில் வீடு எழும்பியது. கச்சானுக்குப் பயந்து தலைவாசலை ஊர்ப்பக்கம் வைத்துவிட்டோம். கடல் தெரிவது அடுப்படி ஜன்னலில் மட்டும்தான். செல்வி அங்கே ஒரு நாற்காலியைப் போட்டுக்கொண்டு, காபி ஆறுவதுகூடத் தெரியாமல் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். எனக்கு வாசலில் உட்கார்ந்தால் பஸ் தெரிகிறது. அவரவருக்கு வேண்டியது கிடைத்துவிட்டது.

வைகாசி பிறந்தால் மகள் போன் பண்ணி, “அப்பா, கச்சான் வந்துருச்சா? வேட்டியப் பிடிச்சுக்கங்க” என்பாள். அந்த வேட்டியை இறக்க அன்றைக்கு யாரும் மரம் ஏறவில்லை. மழையிலும் வெயிலிலும் நைந்து இப்போது ஒரு நூல்கூட மிச்சமில்லை. ஆனாலும் கேஸ் சிலிண்டர் கொண்டுவருகிற தம்பி பஸ் ஸ்டாப்பில் வண்டியை நிறுத்தி என் பெயரைச் சொன்னால் யாருக்கும் தெரியாது. “வேட்டிப்பனை வீடா? நேரா போங்க” என்பார்கள். போன வாரம் செல்விக்கு ஒரு கல்யாணப் பத்திரிகை வந்தது. உறைமேல் வேறு விலாசமே இல்லை. ‘செல்வி அக்கா, வேட்டிப்பனை வீடு’ என்று மட்டும் எழுதியிருந்தது. அதை அவள் கடல் தெரிகிற ஜன்னலில் சொருகி வைத்திருக்கிறாள்.